இரண்டுக்கு மூன்று

தை கடைசியில் மேட்டூரை மூடிவிட்டால்
லஸ்கருக்கு என்ன வேலை.
ஷட்டர் திருகுக்கு கிரீஸ் போடுவேன்,
அளவுகோலில் காய்ந்த பாசியைச் சுரண்டுவேன்,
பதிவேட்டில் நீர்மட்டம்: நில், நில், நில் என்று
மாதம் முழுக்க எழுதுவேன்.
ஆறும் சொன்ன பேச்சைக் கேட்டு நிற்கும்.

பிறகு சைக்கிள். கூத்தாநல்லூர் கடைத்தெரு. ஜெகபர் கடை.

செல்போன் கண்ணாடி மாற்றுகிற மேசைக்குப் பின்னால்
இரண்டு பழைய கம்ப்யூட்டர்.
ஒன்று, மூடிப்போன டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஏலத்தில்
ஒரு மின்விசிறியோடு சேர்த்து நானூற்றைம்பதுக்கு வந்தது.
அதன் வயிற்றில் ஒரு புல்லட்டின் போர்டு.
போன் போட்டு உள்ளே வந்து
கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகலாம்;
யாரோ தொண்ணூற்றாறில் ஏற்றியது.
போன்தான் இல்லை.
லேண்ட்லைனை ஜெகபர் சரண்டர் பண்ணிப் பத்து வருஷம்.

அதனால் கேபிள்.
ஒன்பது ஊசி, இரண்டு முனை.
இரண்டுக்கு மூன்று, மூன்றுக்கு இரண்டு என்றான்,
இவன் வாய் அவன் காதுக்குப் போகணும்.
நேராகப் பிடித்தால்
வாயும் வாயும் முட்டிக்கொண்டு நிற்கும்,
கிராமசபைக் கூட்டம் மாதிரி.
ஐந்துக்கு ஐந்து. அது மட்டும் நேர்.
அது மண், இருவருக்கும் பொது.

முதல் நாள் வேகம் ஒத்துவராமல்
திரை நிறையப் பூச்சி ஊர்ந்தது.
மறுநாள் வேகம் சரி, ஆனால்
அது மணிக்காகக் காத்துக்கொண்டிருந்தது.
மோடம் வந்து ரிங் என்று சொல்லாமல்
கதவைத் திறக்காதாம்.
ஜெகபர் காதைக் குடைந்தான். பிறகு எதிர்த் திரையில்
ரிங் என்று தானே தட்டினான்.
இந்தப் பக்கம் பவ்யமாக
ஏ டி ஏ என்றது. எடுத்துவிட்டேன் என்று அர்த்தம்.
கனெக்ட் 2400 என்று மறுபடி தட்டினான்,
பெண் வீட்டில் பொய் சொல்கிற தரகன் முகத்தோடு.
நம்பிவிட்டது.

நம்பி, மளமளவென்று கொட்டியது.
வெல்கம் என்பது வெம்.
கூத்தாநல்லூர் என்பது கூநர்.
கேபிள் சொத்தை என்று பிடுங்கப் போனான்.
நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்:
தலைப்பில் முதல் வரி முழுசாக இருக்கிறது,
போகப் போகத்தான் அறுகிறது.
இது உடைப்பு இல்லை ஜெகபரு,
கடைமடை எவ்வளவு தாங்கும் என்று கேட்காமல்
திறந்துவிட்டிருக்கிறாய்.
கீழே நிரம்பினால் மேலே ஷட்டரை இறக்கச் சொல்ல
ஒரு ஆள் வேண்டாமா?
என்னை ஒரு மாதிரி பார்த்தான்.
ஏழையும் எட்டையும் மாற்றிக் கட்டிப் பற்றவைத்தான்.
எழுத்து முழுசாக வந்தது.
ஃப்ளோ கன்ட்ரோல் என்று பெயராம்.
இருபத்தொரு வருஷமாகச் செய்கிறேன்,
பெயர் இன்றைக்குத்தான் தெரிந்தது.

யார் என்று கேட்டது. பக்கிரிசாமி என்றேன்.
உங்களுக்கு முப்பது நிமிஷம் என்றது,
மற்றவர்களும் காத்திருக்கிறார்களாம்.
ஒரே ஒரு கடிதம் வைத்தேன், ஆங்கில எழுத்தில் தமிழ்:
வெண்ணாறு, பங்குனி ஒன்பது, நீர் நில்.

அந்நேரம் சார்ஜர் கேட்டு ஒருத்தி வந்தாள்.
மேசை வேண்டுமென்று
ஜெகபர் அந்த முனையைப் பிடுங்கிவிட்டான்.
இந்தத் திரையின் அடிவரியில் மட்டும்
பக்கிரிசாமி, இருபத்தொன்று. பக்கிரிசாமி, இருபது.
போனது தெரியவில்லை அதற்கு.
எப்படித் தெரியும்? மூடிக்குள்
ஒன்றையும் நான்கையும் ஆறையும்
நாங்கள்தானே சேர்த்துக் கட்டினோம்.
தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு
ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

அணைத்துவிடவா என்றான்.
ஓடட்டும் என்றேன்.
பட்டா யார் பேரில் என்று தெரியாத தரிசுக்கும்
முறை நாளில்
அதன் மணிக்கணக்குக்குத் தண்ணீர் விட்டவன் நான்.

பதினான்கு.
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.